கேள்வி பதில்: சொந்த டைப்பில் ஆபரேட்டர் முன்னுரிமை

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கலப்பெண்ணுக்கென்று (மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என இரண்டு எண்கள்) சொந்த டைப் உருவாக்கி, கூட்டலுக்கு + குறியும் அடுக்குக்கு ** குறியும் வைத்திருக்கிறேன். அ = (1, 0), ஆ = (0, 1) எனக் கொடுத்து அ + ஆ ** 2 கேட்டால் (0, 0) வர வேண்டும்; (0, 2) வருகிறது. ஃபங்ஷன்கள் தனித்தனியே சரியாகவே வேலை செய்கின்றன. எந்தக் குறி முதலில் நடக்கும் என்ற முன்னுரிமையை எங்கே மாற்றுவது?

பதில்: மாற்ற முடியாது. க்ரியேட் ஆபரேட்டர் கட்டளையில் அதற்கு இடமே இல்லை. குவெரியைப் பிரித்துப் படிக்கும் பார்சருக்கு அந்தக் கட்டத்தில் அ, ஆ என்ன டைப் என்பது தெரியாது. குறியின் எழுத்தை மட்டும் பார்த்தே எது முதலில் என்று முடிவு செய்துவிடுகிறது. ^ முதலில், பிறகு * / %, பிறகு + -. பட்டியலில் இல்லாத ** போன்ற குறிகள் எல்லாம் + - குறிகளுக்கும் கீழே, ஒரே தட்டில். அதனால் உங்கள் குவெரி (அ + ஆ) ** 2 ஆகிவிட்டது. குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் வெர்போஸ் போட்டால் அவுட்புட் வரியில் இந்த அடைப்புக்குறியைக் கண்ணால் பார்க்கலாம்.

அதே ஃபங்ஷனை ^ குறிக்குக் கட்டுங்கள். முன்னுரிமை தானாக வந்துவிடும். ஆனால் ^ இடமிருந்து வலமாகப் போகும்: 2 ^ 3 ^ 3 என்பது 512தான். -2 ^ 2 கூட 4. கழித்தல் குறி எண்ணோடு முதலில் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு பழைய ** குறியை ட்ராப் செய்யுங்கள், கேஸ்கேட் போடாமல். அதை நம்பியிருக்கும் வியூக்களை, அதாவது பெயரிட்டுச் சேமித்த குவெரிகளை, பிழைச்செய்தியே பட்டியலிடும்; கேஸ்கேட் போட்டால் அவை அழிந்துபோகும். வியூவைத் திருத்தும்போது டேட்டாபேஸ் காட்டும் வரையறையைக் காப்பி செய்யாதீர்கள், தவறான அடைப்புக்குறி அதிலேயே பதிந்திருக்கும். போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஃபங்ஷன்களுக்குள் இருக்கும் ** இந்தப் பட்டியலில் வராது. அவற்றை நீங்களேதான் தேட வேண்டும்.

கேள்வி: 'பெயர்: ' || விவரம் ->> 'பெயர்' என்று எழுதினால் ஜேசன் பிழை வருகிறது. விவரம் என்பது ஜேசன்பி (ஜேசன் தரவை வைக்கும் டைப்) நெடுவரிசைதானே?

பதில்: இணைக்கும் || குறியும், ஜேசனிலிருந்து மதிப்பை எடுக்கும் ->> குறியும் அதே ‘மற்றவை’ தட்டில் இருப்பதால் இடதுபக்கம் முதலில் நடக்கிறது. 'பெயர்: ' என்ற சரத்தையே ஜேசன்பியாக மாற்றப் பார்த்துத் தோற்கிறது. (விவரம் ->> 'பெயர்') என அடைத்துவிடுங்கள்.