கணிதமும் கவிதையும் உண்மையில் எங்கே சந்திக்கின்றன?

யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில். இரண்டுமே அழகு, இரண்டுமே கற்பனை என்று பொதுவாகச் சொல்வது எனக்குப் போதவில்லை. வெண்பா எழுதிப் பழகியபோது நானே எண்ணிப் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

தமிழ் யாப்பில் சொல்லைப் பிரிக்கும் ஒலித்துண்டுதான் அசை. அடிப்படை அசை இரண்டு. 'நாள்' என்பது நேர், 'மலர்' என்பது நிரை. அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்) என்று மனப்பாடம் செய்த சீர்ப் பட்டியல் முழுக்க இரண்டின் அடுக்குகள்தான்!

சரி, திருக்குறளின் வடிவமான குறள் வெண்பாவுக்கு எத்தனை சீர் அமைப்புகள் இருக்க முடியும்? மொத்தம் ஏழு சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். முதல் ஆறு இடங்களில் மா 2, விளம் 2, காய் 4 என 8 வகை வரலாம். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என 4 வகை. ஒரு சீரோடு அடுத்த சீர் சேரும் விதியான தளையைப் பார்க்காமல் பெருக்கினால் 10,48,576.

அப்புறம் தளை வருகிறது. மாச்சீரை அடுத்து நிரை வர வேண்டும். விளத்தையும் காயையும் அடுத்து நேர் வர வேண்டும். எந்த இடத்திலும் வரக்கூடிய சீர்களில் சரிபாதி நேரில் தொடங்கும், மறுபாதி நிரையில். அதனால் சீரும் சீரும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் பாதி கழிந்துபோகிறது. அப்படி ஆறு இடங்கள். 64-இல் ஒரு பங்கு, அதாவது 16,384 மிஞ்சும். எதுகை, மோனையை நான் இதில் சேர்க்கவில்லை.

இந்த எண்ணைவிட என்னை அசைத்தது வேறொன்று. எந்தச் சீரை எழுதினாலும் அடுத்ததற்கு நான்கு வழிகள் திறந்திருக்கும். ஈற்றில் மட்டும் இரண்டு. முட்டுச்சந்து என்பதே கிடையாது. இவ்வளவு கறாரான விதி ஓரிடத்தில்கூட வழியை அடைக்கவில்லை.

எழுதும்போது இது கையிலேயே தெரியும். ஒருமுறை 'கண்ணீர்' என்று எழுதப் போனேன். முந்தைய சீர் மா, அதனால் நேரில் தொடங்கும் சொல் கூடாது. கொஞ்ச நேரம் தவித்துவிட்டு 'விழிநீர்' என்று மாற்றினேன். தேமா புளிமாவானது, இரண்டும் மாச்சீரே என்பதால் அடுத்த சீரைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பாட்டு மாறிவிட்டது. முதலில் அழுகை மட்டும் இருந்த இடத்தில், இப்போது விழித்துப் பார்க்கிற ஒரு கண்ணும் இருந்தது.