−√9, −√5, −2.333… இவற்றில் எது விகிதமுறா எண்? கழித்தல் குறி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்பதாம் வகுப்பு மெய்யெண்கள் பாடத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மெய்யெண்ணை p/q என்று (p, q முழு எண்கள், q பூச்சியம் இல்லை) எழுத முடிந்தால் விகிதமுறு, முடியாவிட்டால் விகிதமுறா எண். கழித்தல் குறிக்கும் இந்தப் பிரிவுக்கும் தொடர்பே இல்லை. x = p/q என்றால் −x = −p/q. p முழு எண் என்றால் −pயும் முழு எண்தானே. எனவே முன்னால் நிற்கும் குறியை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் பாருங்கள். √9 = 3, ஆகவே −√9 என்பது −3, விகிதமுறு. 5 முழு வர்க்கம் இல்லை, ஆகவே −√5 விகிதமுறா எண். −2.333… என்பது −7/3, விகிதமுறு.

மூலக்குறிக்கு உள்ளே இருக்கும் குறியை மட்டும் மறைக்காதீர்கள். −√9 வேறு, √−9 வேறு. எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் −9 வராது. அதனால் √−9 விகிதமுறுவும் இல்லை, விகிதமுறாவும் இல்லை. கலப்பெண் (√−9 போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளும் எண் வகை) படித்தவர்கள் மறுப்பு எழுதும் முன் ஒன்று: பள்ளிப் பாடத்தில் விகிதமுறா எண் என்றாலே அது மெய்யெண்தான். கனமூலத்துக்கு இந்தத் தடை கிடையாது; ∛−8 = −2.

மதிப்பெண் அதிகம் போவது தசமத்தில். √0.4ஐ 0.2 என்று எழுதிவிடுகிறார்கள். 0.2 × 0.2 = 0.04 அல்லவா? 0.4ஐ 2/5 என்று எழுதுங்கள். சுருக்கிய பிறகு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் முழு வர்க்கமாக இருந்தால்தான் மூலம் விகிதமுறு. இங்கே 2ம் இல்லை, 5ம் இல்லை. சுருக்காமல் முடிவுக்கு வந்தாலும் தவறும்: −√(8/18) பார்வைக்கு விகிதமுறா எண் போலிருக்கும், 2ஆல் சுருக்கினால் உள்ளே 4/9, விடை −2/3.

தசமம் முடிந்துவிட்டாலோ ஒரே தொகுப்பு சுழன்று சுழன்று வந்தாலோ விகிதமுறு, இரண்டும் இல்லையென்றால் விகிதமுறா எண். ஆனால் கால்குலேட்டர் திரையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1/17 = 0.0588235294117647…, 16 இலக்கம் தாண்டித்தான் சுழற்சி திரும்ப வரும், பத்து இலக்கத் திரையில் அது தெரியாது. −0.1010010001… இதற்கு நேர்மாறு. ஒழுங்கு கண்ணில் படுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சியம் ஒன்று கூடுவதால் ஒரே தொகுப்பு திரும்ப வருவதில்லை. எனவே விகிதமுறா எண்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வினாத்தாளில் 'π = 22/7' என்று சமக்குறி போட்டு அச்சிடுவதை நிறுத்த வேண்டும். 22/7 = 3.142857…, π = 3.141592…, மூன்றாம் தசம இடத்திலேயே வேறுபடுகின்றன. சமம் என்று படித்த பிள்ளை π விகிதமுறு என்று எழுதினால் அதற்கு மதிப்பெண் குறைப்பது என்ன நியாயம்? 62832/20000, அதாவது 3.1416 என்ற இன்னும் நெருக்கமான மதிப்பைத் தந்த ஆரியபட்டரே அதை 'ஆசன்ன', நெருங்கியது, என்றுதான் குறித்தார்.