மொரீசியஸ் வாசகர் கேட்டவை: லிச்சி வலை, கிழியும் டால்பூரி, கொள்ளுத்தாத்தா பெயர்

திரியோலே வாசகர்: எங்கள் வீட்டு லிச்சி மரத்தில் போன வருடம் பாதிப் பழம் சோசூரி வௌவாலுக்கே போய்விட்டது. பழுக்கும் முன்பே பறித்துவிடலாமா? வலை போட்டால் வௌவால் சிக்கிச் செத்துவிடாதா?

முந்திப் பறிப்பதால் பயனில்லை. வாழை, மாம்பழம் போல லிச்சி பறித்தபின் பழுக்காது. புளிப்போடு பறித்தால் புளிப்பாகவே இருக்கும்.

முதலில் களவாணி யாரென்று பாருங்கள். வௌவால் பழத்தை வாயில் நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். விடிந்ததும் மரத்தடியில் தட்டையாகப் பிழிந்த சக்கை கிடந்தால் அது சோசூரி வேலை. பழம் கிளையிலேயே தொங்க, பக்கவாட்டில் கொத்திய குழி இருந்தால் மைனா, கொண்டைக்குருவி, கிளி. பழி மட்டும் எல்லாவற்றுக்கும் வௌவால் தலையில்தான் விழுகிறது.

வலை வாங்கும்போது சுண்டுவிரலைக் கண்ணியில் நுழைத்துப் பாருங்கள். விரல் போகிற வலையில் வௌவாலின் இறக்கையும் மாட்டும், அதை வாங்காதீர்கள். இரவில் கண்ணில் படுகிற வெள்ளை வலை நல்லது. மரத்தின் மேல் அப்படியே போர்த்துவதுதான் பலரும் செய்கிற தவறு. வௌவால் வலை மேலேயே உட்கார்ந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பழத்தை வெளியிலிருந்தே கடித்துவிடும். நான்கு மூலையில் மூங்கிலோ இரும்புக் குழாயோ நட்டு, பழத்துக்கும் வலைக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு, முறம் போல விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அடிப்பகுதியைத் தண்டோடு சேர்த்தோ தரையோடு பதித்தோ மூடிவிட வேண்டும். மரம் வீட்டுக்கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தால் இதெல்லாம் நடக்காது. அறுவடை முடிந்த கையோடு 4 மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்து, அடுத்த பருவத்தில் வலை போடுங்கள். இந்த வருடத்துக்கு, கைக்கு எட்டுகிற கொத்துகளுக்கு மட்டும், பழம் நிறம் மாறத் தொடங்கும்போது துணிப்பை கட்டலாம். பிளாஸ்டிக் பை கட்டினால் உள்ளே வேர்த்துப் பழம் அழுகும்.

தப்பித்தவறி ஒன்று சிக்கினால் வெறுங்கையால் தொடவேண்டாம், கடிக்கும். தடித்த துணியால் போர்த்தி, வலையை வெட்டி எடுங்கள். வலை போனால் போகட்டும். மனிதர் யாரும் வருவதற்கு முன்பே இந்தத் தீவில் இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். ஆண்டுக்கு ஒரே குட்டி போடும். 2015 முதல் அரசே பல முறை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. 2018-இல் அது உலக அழிவாபத்துப் பட்டியலில் இன்னும் ஒரு படி மேலே போனது.

கூர்ப்பீப் வாசகி: டோடோ அழிந்ததால்தான் தம்பலக்கோக் மரம் முளைப்பதில்லையாம். பள்ளியில் என் மகளுக்கு இப்படிச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உண்மையா?

அழகான கதை, ஆனால் நிற்கவில்லை. 1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர், கிழட்டு மரங்கள் 13தான் மிச்சம் என்றும், கொட்டை டோடோ வயிற்றில் அரைபட்டால்தான் முளைக்கும் என்றும் எழுதினார். வான்கோழிக்கு 17 கொட்டைகளை ஊட்டினார், 3 முளைத்தன. ஆனால் ஊட்டாத கொட்டைகளையும் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு தேடியவர்களுக்கு மரங்கள் இன்னும் கிடைத்தன, இளமரங்களும் இருந்தன. அந்தக் கொட்டையில் இயற்கையாகவே ஒரு விளிம்புக்கோடு உண்டு. முளை அந்தக் கோட்டோடு பிளந்துகொண்டு வரும், அரைக்க வேண்டியதே இல்லை. உண்மையான எதிரிகள் இன்றும் காட்டில்தான் திரிகின்றன: பிஞ்சுக்காயைக் கடித்து எறியும் குரங்கு, நாற்றை மேயும் மான், மண்ணைக் கிளறும் பன்றி, நிழலடித்து நெருக்கும் சீனக் கொய்யா. நான்குமே கப்பலேறி வந்தவை.

ரோஸ் ஹில் வாசகி: நான் போடும் டால்பூரி தேய்க்கும்போதே கிழிந்து பருப்பு வெளியே வருகிறது.

பருப்பு குழைந்திருக்கும். 250 கிராம் மஞ்சள் பருப்பை இரவே ஊறவைத்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளோடு வேகவையுங்கள். இரு விரலுக்கிடையில் அழுத்தினால் உடையவேண்டும், மசியக்கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, வெந்நீரைத் தனியே வடித்துவையுங்கள். பருப்பைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, தண்ணீர் விடாமல் அரைத்து, உப்பும் வறுத்த சீரகப்பொடியும் சேருங்கள். கையில் பிடித்து விட்டால் மணல் போல உதிர வேண்டும். சூட்டோடு அரைத்தால் களியாகிவிடும். கிழிவது பெரும்பாலும் இதனால்தான்.

500 கிராம் மைதாவுக்கு வடித்த பருப்புத் தண்ணீர் ஏறக்குறைய 275 மில்லி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. மாவு பூரணத்தைவிட மெத்தென்று இருக்கவேண்டும். ஈரத்துணி மூடி அரைமணி நேரம் விடுங்கள். எலுமிச்சை அளவு உருண்டையைக் கிண்ணம் போலக் குழித்து, நடுவைத் தடிப்பாகவும் ஓரத்தை மெல்லிசாகவும் வைத்துப் பூரணத்தை அடைத்து மூடுங்கள். ஓரங்கள் கூடி மடிகிற இடம் தடித்துவிடுமென்பதால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துத் தேயுங்கள். கல்லிலிருந்து எடுத்ததும் அடுக்கித் துணியால் மூடினால்தான் அந்த மெத்துமை வரும்.

போர்ட் லூயி வாசகர்: 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் யார்?

ரங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், அரசியல்வாதி, நம்மவர். நோட்டில் தமிழ் எழுத்து எந்த வரிசையில் வரவேண்டும் என்று 1998-இல் பெரிய கிளர்ச்சியே நடந்தது. இந்திக்குக் கீழே தமிழை இறக்கி அச்சிட்ட நோட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று.

காத்ர் போர்ன் வாசகர்: கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? பெயர் முத்துசாமி என்பது மட்டும் தெரியும்.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முத்துசாமிகளின் கடலில் மூழ்கிவிடுவீர்கள். வேண்டியது அவருடைய குடியேற்ற எண், அதாவது ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்குப் பதிவேட்டில் கொடுத்த எண். உங்கள் பிறப்புச் சான்றிலிருந்து தொடங்கி அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஒவ்வொருவருக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றின் சான்றையும் குடிசார் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் இருக்கும். பழைய பதிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்தால் அதுதான்.

அந்த எண்ணோடு மொக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போங்கள். குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. கப்பல் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா இவற்றில் பலவும் கிடைக்கலாம். 1860-களின் நடுவிலிருந்து வந்தவர் என்றால் புகைப்படமும் இருக்க வாய்ப்புண்டு.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். மதராஸ் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே பிரெஞ்சுக் காது கேட்டு மாற்றியிருக்கும். 'உ' ஓசைக்குச் சிலர் ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போட்டார்கள், சிலர் இரண்டு ஓ போட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒருவிதம், தம்பி இன்னொருவிதம் எழுதுவதும் உண்டு. ஊர்ப்பெயரும் அப்படித்தான் சிதைந்திருக்கும். வாய்விட்டு உரக்கப் படித்துப் பாருங்கள், சில சமயம் காது கண்டுபிடித்துவிடும்.

எண்ணே கிடைக்காவிட்டால் மனம் தளரவேண்டாம். உங்கள் குடும்பம் ஒப்பந்தக் கூலிமுறை தொடங்கிய 1834-க்கு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞராக வந்ததாகவும் இருக்கலாம். அவர்களுக்குக் குடியேற்ற எண்ணே கிடையாது. அப்படியானால் தேடவேண்டியது பிரெஞ்சுக் காலத்துப் பதிவுகளில்.