வாசகர் கேள்வி – பதில்: குதிரைத் தலை வாத்தியம் கற்க விரும்புவோருக்கு

கேள்வி: பல ஆண்டுகளாகக் கர்நாடக இசையில் வயலின் வாசித்து வருகிறேன். மங்கோலியர்களின் ‘மோரின் ஹூர்’ என்னும் குதிரைத் தலை வாத்தியத்தைக் கற்க ஆசை. வயலின் பயிற்சி இதற்குக் கைகொடுக்குமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தங்கள் காதுக்கு அது பெரிதும் உதவும்; விரல்களுக்கோ, தொடக்கத்தில் தொந்தரவாகவே இருக்கும்.

மோரின் ஹூருக்கு இரண்டே தந்திகள். இன்றைய மங்கோலியாவில் தடித்த தந்தியை மேற்கத்திய இசையின் எஃப் சுருதிக்கும், மெல்லிய தந்தியை அதற்கு மேலுள்ள பி ஃபிளாட்டுக்கும் சேர்ப்பதே வழக்கம். மெல்லிய தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால் தடித்தது மந்தர பஞ்சமமாக, அதாவது கீழ் ஸ்தாயிப் பஞ்சமமாக அமையும்; ச-ப-ச-ப என்று சேர்த்த தங்கள் வயலினில் நடுவிலுள்ள இரு தந்திகளுக்கும் இடையே இருப்பது இதே உறவுதான். மங்கோலிய நாட்டுப் பாடல்களில் பெரும்பாலானவை ஐந்து சுரங்களில் அடங்குபவை என்பதால், மோகனம், மத்யமாவதி போன்ற ஐந்து சுர ராகங்களில் ஊறிய காதுக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

சிக்கல் இடது கையில் தொடங்குகிறது. இவ்வாத்தியத்தில் தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து நன்றாக விலகி நிற்கின்றன. அவற்றைப் பலகையோடு அழுத்துவது என்ற பேச்சே இல்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, நகம் தோலோடு சேரும் இடத்தைத் தந்தியின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் நுனியால் தொடும். அதிலும் சுண்டு விரல், தடித்த தந்திக்கு அடியில் நுழைந்து அப்பாலுள்ள மெல்லிய தந்தியை எட்ட வேண்டும். வயலின் பழகியவரின் விரல் தன்னையறியாமல் சதைப்பகுதியைத் தந்தியின்மேல் வைத்து அழுத்தப் பார்க்கும். அப்போது சுருதி ஏறிப்போவதோடு நாதமும் மங்கிவிடும். நகத்தடியிலுள்ள தோல் சிவந்து எரியத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுவதே நல்லது. தோல் உரிந்த விரலோடு சாதகம் செய்து பயனில்லை. கமகத்துக்குப் பழகிய விரல்களை இழுத்து ஓட்டும் ஆசையையும் ஆரம்பத்தில் கட்டுப்படுத்துங்கள்.

வலது கையும் புதிதாகப் பழக வேண்டியதே. உட்கார்ந்து, வாத்தியப் பெட்டியை முழங்கால்களுக்கு இடையே தாங்கிக்கொண்டு, வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி அடியிலிருந்து பிடிக்கிறார்கள். வில்லின் முடி சற்றுத் தளர்வாகவே இருக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் அந்த முடியைத் தள்ளி, வாசிக்கும்போதே இறுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் தருகின்றன. ஓசை தடிப்பதும் மெலிவதும் பெருமளவு அந்த இரு விரல்களின் வேலை என்பதால், பாட்டைத் தொடுவதற்கு முன் வெறும் தந்தியில் நீண்ட வில் இழுத்துப் பழகுவதையே நான் வற்புறுத்துவேன். ஆசிரியர்கள் சிலர் முதல் வகுப்பிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுத்து மாணவரை மகிழ்விப்பது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: குதிரை முடித் தந்தி நல்லதா, நைலான் நல்லதா? தோல் போர்த்திய பழைய வகையை வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: மரபுப்படி ‘ஆண்’ எனப்படும் தடித்த தந்திக்குப் பொலிகுதிரையின் வாலிலிருந்து 130 முடிகளும், ‘பெண்’ எனப்படும் மெல்லியதற்குப் பெண்குதிரையின் வாலிலிருந்து 105 முடிகளும் எடுப்பார்கள். அவற்றை முறுக்காமல், கற்றையாக இணையாகவே கட்டுவதால்தான் அந்த வாத்தியத்தின் குரலில் மூச்சுக் கலந்ததுபோன்ற கரகரப்பு கேட்கிறது. ஆனால் கற்றையில் சில முடிகள் தளர்ந்து சில இறுகினாலும் நாதம் கெடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் இல்லாதவருக்கு நைலான் இழைத் தந்தியே ஏற்றது. இன்று மேடைக் கலைஞர்களிலேயே பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பெட்டியின் முகப்பில் முன்பு ஆட்டுத்தோலோ ஒட்டகத்தோலோ போர்த்தினார்கள். ஈரம் பட்டால் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அரங்குகளுக்காக மரமுகப்பு பரவியது. தங்களைப்போலக் கடற்காற்றுப் படும் ஊரில் இருப்பவர் மரமுகப்பையே வாங்குங்கள். மங்கோலியாவின் வறண்ட காற்றில் செய்யப்பட்ட மரமும் நம் ஈரப்பதத்தில் உப்பக்கூடும் என்பதால், வாத்தியத்தை அதன் உறைப்பெட்டிக்குள் மூடிவைப்பதும், வெகுநாள் வாசிக்காதபோது தந்தியைச் சற்றுத் தளர்த்திவைப்பதும் நலம்.

கேள்வி: எந்தப் பாடல்களிலிருந்து தொடங்குவது? குதிரை ஓடுவதுபோல வாசிப்பதைக் கேட்டு மயங்கிவிட்டேன்.
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: தாங்கள் கேட்டது ‘தத்லகா’ வகையாக இருக்கலாம், குதிரையின் நடையையும் பாய்ச்சலையும் வில்லின் வெட்டுகளால் காட்டும் இசை அது. கேட்க எளிதாகத் தோன்றினாலும், முடியின் இறுக்கம் கைக்கு வசப்படாமல் அதை வாசித்தால் தகரத்தைத் தட்டியதுபோல ஒலிக்கும். மெதுவான சிறு நாட்டுப் பாடல்களில் தொடங்கி, இரு தந்திகளையும் சேர்த்து இழுக்கும் பழக்கம் வந்த பிறகு அதற்குச் செல்லுங்கள். ‘ஊர்தின் து’ என்னும் நீள்பாடலுக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பது இன்னும் பின்னால் வரவேண்டியது. பாடகரின் மூச்சைத் தொடர்ந்து செல்ல வேண்டிய அந்த வாசிப்புக்குப் பாடலே மனப்பாடமாகியிருக்க வேண்டும். கன்றை ஏற்க மறுக்கும் தாய் ஒட்டகத்தை இந்த வாத்தியத்தாலும் பாட்டாலும் இணங்கவைக்கும் சடங்கு மங்கோலியாவின் கோபிப் பாலைவனப் பகுதியில் உண்டு. அதை 2015இல் யுனெஸ்கோ, உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நேரில் ஆசிரியர் கிடைக்காமல் இணையவழியில் கற்பதானால், கேமராவை முகத்துக்கு நேராக வைக்காமல் இடது கைப் பக்கமாக வையுங்கள். நகம் தந்தியைத் தொடும் இடம் ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் அவரால் திருத்த முடியும்.