தம்பி மாலை போட்டுட்டான்

வணக்கம் அண்ணா,

எனக்கு ஊர் ஈரோடுங்க. அப்பா திராவிடர் கழகம், பதினெட்டு வயசுல ஒரு தையல் கடைல உக்காந்து விடுதலை பேப்பர் படிச்சு அப்படியே கட்சிக்கு வந்தவர். வீட்ல சாமி படமே கிடையாது, எனக்கும் தம்பிக்கும் சுயமரியாதை கல்யாணம்தான். அப்பா இப்ப இல்லீங்க. தம்பி பெங்களூர்ல சாப்ட்வேர் வேலைல இருக்கான், இந்த கார்த்திகை ஒண்ணாந்தேதி திடீர்னு சபரிமலைக்கு மாலை போட்டுட்டான். கேட்டா ஆபீஸ் பிரெண்டு கூப்பிட்டான், சும்மா ஒருவாட்டி போய்ட்டு வரேங்கறான், ஆனா இப்ப ரெண்டு வேளையும் சரணம் சொல்றான். படிச்சவன் திடீர்னு எப்படிண்ணா நம்புவான்? நாளைக்கு வெறி பிடிச்ச மாதிரி ஆயிடுவானோன்னு பயமா இருக்கு. இருமுடி கட்டுக்கு வேற கூப்பிடறான். போறதா வேண்டாமா? (பேர் போட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

திடீர்னு நம்பிட்டான்னு எழுதியிருக்கீங்க, ஆனா நீங்க சொன்ன கதைல அப்படி இல்லையே. பிரெண்டு கூப்பிட்டான், மாலை போட்டான், சரணம் சொல்ல ஆரம்பிச்சான், இதான் வரிசை. நம்பிக்கை கடைசியா வந்து சேர்ற ஆளு. கடவுள் உண்டா இல்லையான்னு நல்லா அலசிப் பாத்து, உண்டுன்னு முடிவு பண்ணி, அப்புறமா கோயிலுக்குக் கிளம்பின மனுசனை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பாதிப் பேருக்கு அம்மா இடுப்புல இருக்கும்போதே திருநீறு பூசியாச்சு, மிச்சப் பேரு யாரோ கூப்பிட்டுப் போனவங்க.

அந்த விரதத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 41 நாள், விடியறதுக்கு முன்னாடி பச்சைத்தண்ணில குளியல், காலுக்கு செருப்பு இல்ல, ஷேவிங் இல்ல, பாய்ல படுக்கை, கறி மீன் சரக்கு எதுவும் கிடையாது, நேத்து வரைக்கும் பேர் சொல்லிக் கத்தின மேனேஜர்கூட வாங்க சாமி போங்க சாமிங்கறான், வீட்ல சம்சாரம் முதல்கொண்டு சாமின்னுதான் கூப்பிடுது. மூணு வாரம் இப்படி ஓடினா உடம்பு பழகிடும், ஆனா மனசு சும்மா இருக்குமா, இவ்வளவு பாடு படறோமே எதுக்குன்னு ஒரு காரணம் தேடும்ல, தேடி அதுவே ஒண்ணு கண்டுபிடிச்சு வச்சுக்கும். உங்க தம்பி இப்ப அந்த கட்டத்துல இருக்கான்னு நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், உங்களுக்கு சிரிப்பு வரலாம். தமிழ்நாட்டுக்குள்ள ஐயப்பன் இவ்வளவு பெருசா வந்ததே அப்படி ஒண்ணும் பழைய கதை இல்ல. 1950ல சபரிமலை கோயில் தீல எரிஞ்சு விக்கிரகம் சேதமாச்சு, அப்புறம் வச்ச பஞ்சலோக சிலைய செஞ்சு குடுத்தது பி.டி. ராஜன், அதை தமிழ்நாட்டு ஊர் ஊரா ஊர்வலமா கொண்டு போனாங்க, ஜனம் கூடிப் பாத்துச்சு. யாரு இந்த பி.டி. ராஜன்? நீதிக்கட்சி தலைவர், 1936ல கொஞ்ச மாசம் சென்னை மாகாணத்தோட முதலமைச்சரா இருந்தவர். 1944ல சேலத்துல பெரியார் நீதிக்கட்சிய திராவிடர் கழகம்னு மாத்தினப்ப ஒத்துக்காம தனியா நின்னவரும் இவர்தான். ஆக உங்கப்பா கட்சிக்கு ஒருவகைல பங்காளி. நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனி ஐயப்பன் கதைய மேடைல போட்டுச்சு, அப்புறம் திரைல எம்ஜிஆர்கிட்ட அடி வாங்கின நம்பியார் நிஜத்துல பெரிய குருசாமியா இருந்து சினிமாக்காரங்க பலபேரைக் கூட்டிட்டு மலைக்குப் போனார். யாரும் யாருக்கும் தத்துவம் சொல்லிக் குடுக்கல, கூட வரியான்னு கேட்டாங்க, அவ்வளவுதான். இன்னைக்கு நம்ம ஊர்ல கார்த்திகை வந்தா கறிக்கடைல ஈ ஓட்டறான்.

உங்கப்பாவும் அப்படித்தாங்க வந்திருக்கார், நீங்களே எழுதியிருக்கீங்க. தையல் கடை, அங்க ஒரு பேப்பர், நாலு பேரு பேச்சு, அந்த நாலு பேரை அவருக்குப் பிடிச்சிருக்கும். புத்தகமெல்லாம் அதுக்கப்புறம் படிச்சிருப்பார். இதை நான் குறைவா சொல்லல, வந்த வழி ஒண்ணா இருக்கறதால வந்து சேர்ந்த இடமும் ஒண்ணுதான்னு ஆயிடாது. சாதி ஒழியணும்னு அவர் சொன்னது அவரு எந்தக் கடைல உக்காந்து கத்துக்கிட்டாலும் சரிதான். ஆனா தம்பியப் பாத்து படிச்சவன் எப்படின்னு கேக்கறீங்கல்ல, படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சொந்த ஊரை விட்டுட்டு பெங்களூர்ல ஒரு பிளாட்ல இருக்கறவனுக்கு சாயங்காலம் பத்துப் பேரு சேர்ந்து பஜனை பாடி, சுண்டல் குடுத்து, சாமி நாளைக்கும் வந்துடுங்கன்னு சொன்னா அது சின்ன விஷயமா?

வெறி பிடிக்கும்னு பயப்படறீங்க. அது சாமியால வர்றதவிட கூட இருக்கற ஆளுங்களால வர்றதுதான் அதிகம், அதனால யாரு கூட போறான், வாட்ஸ்அப்ல என்ன பார்வர்ட் பண்றான்னு ஒரு கண்ணு வச்சுக்குங்க. மலைக்குப் போற வழில எருமேலில பேட்டை துள்ளி ஆடறவங்க, ஐயப்பனோட முஸ்லிம் தோழர்னு சொல்ற வாவர் பேர்ல இருக்கற பள்ளிவாசலைச் சுத்தி வந்து காணிக்கை போட்டுட்டு மலைக்கு நடக்கறாங்க. தம்பி அங்க போனானா, போய் என்ன நினைச்சான்னு கேளுங்க. அதுலயே பாதி தெரிஞ்சிடும். 10லேர்ந்து 50 வயசு வரைக்கும் பொம்பளைங்க வரக்கூடாதுங்கறது எனக்கு சுத்தமா உடன்பாடில்ல, எல்லா வயசுப் பொம்பளைங்களும் போலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன 2018 தீர்ப்பு சரின்னுதான் அப்பவும் சொன்னேன் இப்பவும் சொல்றேன், அதைப்பத்தி அவன்கிட்ட தாராளமா சண்டை போடுங்க, ஆனா மாலை கழட்டினப்புறம். விரதத்துல இருக்கறவன்கிட்ட வாதம் பண்ணா அவன் சரணத்தைத்தான் இன்னும் சத்தமா சொல்லுவான்.

இருமுடி கட்டுக்கு கண்டிப்பா போங்க. ஒரு தேங்காய நல்லா நார் உரிச்சு தேய்ச்சு வழவழன்னு வச்சிருப்பாங்க, கண்ணுல ஓட்டை போட்டு தண்ணிய வடிச்சுட்டு, அதுக்குள்ள உருக்கின நெய்ய மெதுவா ஊத்தி கார்க்கு வச்சு அடைப்பாங்க, பக்கத்துல நிக்கறவங்க எல்லாரும் சரணம் போடுவாங்க. அப்புறம் வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா பச்சரிசிய அள்ளி பைல போடணும். அப்பா இல்லாத வீட்ல மூத்தவர் நீங்கதான், உங்க கையத்தான் அவன் எதிர்பாத்துட்டு இருப்பான். அரிசி போடறதுக்கு ஐயப்பனை நம்பணும்னு ஒண்ணுமில்ல. சரணம் சொல்லப் பிடிக்கலைன்னா வாய மூடிட்டு நில்லுங்க, யாரும் உங்களைக் கவனிக்க மாட்டாங்க. முடிஞ்சதும் அன்னதானம் இருக்கும், இருந்து சாப்பிட்டுட்டு வாங்க.