38 வருஷம் இருந்த வீட்டை தோட்டத்தோட வித்தோம், பெயிண்ட் அடிச்சதுதான் நாங்க பண்ண முதல் தப்பு

உங்க அப்பா கட்டின தனி வீடு, சுத்தி மரம் செடி, விக்கறதுன்னு முடிவாயிடுச்சு, அதுக்கு முன்னாடி எதெல்லாம் சரி பண்ணணும், தோட்டத்தை என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. நாங்க 2022-ல இதே வேலையப் பண்ணோம், அதுல பாதியைத் தப்பாப் பண்ணோம். அதனால பொதுவா அட்வைஸ்னு இல்லாம நடந்ததைச் சொல்றேன், உங்களுக்கு எது பொருந்துதோ எடுத்துக்குங்க.

கிழக்கு தாம்பரம் பக்கம் ஒன்றரை கிரவுண்டு, 3600 சதுர அடி. 1984-ல அப்பா லோன் போட்டுக் கட்டினது. ஒரு பங்கனப்பள்ளி மாமரம், ரெண்டு தென்னை, கொய்யா, எலுமிச்சை, பவழமல்லி, கொல்லைல கறிவேப்பிலை, அப்புறம் ஒரு உறை கிணறு. வேப்பமரம் ஒண்ணு இருந்தது, 2016 டிசம்பர் வர்தா புயல்ல வேரோட சாஞ்சு காம்பவுண்டு சுவரையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. அப்பா அதுக்கு முந்தின வருஷமே போயிட்டார், மரம் விழுந்ததைப் பாக்கலன்னு அம்மா அடிக்கடி சொல்வாங்க. அம்மாவால தனியா அவ்வளவு பெரிய வீட்டைப் பாத்துக்க முடியல, நான் வேளச்சேரி பிளாட்ல, தங்கச்சி செங்கல்பட்டுல. வேற வழி இல்ல.

புரோக்கர் வந்து பாத்ததும் சொன்ன முதல் விஷயம், "சார் ஒரு கோட் அடிச்சு விட்டீங்கன்னா அஞ்சு லட்சம் ஏத்திக் கேக்கலாம்". நம்பி, மார்கழி கடைசில பட்டி பாத்து உள்ள வெளிய எல்லாம் அடிச்சோம், 1,40,000 ஆச்சு. தைல ஆள் வர ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்த மூணு பேரும் பில்டர்ங்க. ஒருத்தர் செருப்பையே கழட்டல, வாசல்ல நின்னு ரோட்டை இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு காலாலயே அளந்தார், பட்டா யார் பேர்ல இருக்குன்னு கேட்டார், கிளம்பிட்டார். அவங்களுக்கு அது வீடே இல்ல, இடிக்கிற செலவு. எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவுல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 2-ன்னா 3600-ல 7200 சதுர அடி கட்டலாம், அந்தக் கணக்குல சுவர் என்ன கலர்னு எவனுக்கு வேணும்?

அதனால நீங்க முதல்ல ஒரு விஷயத்தை முடிவு பண்ணுங்க, உங்க வீட்டை வாங்கப் போறது இடிக்கிற ஆளா, குடி வர்ற ஆளா. உங்க தெருவுல கடைசியா வித்த நாலு வீடு என்ன ஆச்சுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். நாலும் அபார்ட்மெண்ட் ஆயிருந்தா வீட்டுக்கு ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க, பேப்பரை மட்டும் சரி பண்ணுங்க.

குடி வர்ற ஆளா இருந்தாலும் பெயிண்டுக்கு முன்னாடி தண்ணி சமாச்சாரம். எங்களுக்கு வடக்குப் பக்க ரூம்ல சுவத்துல ஓதம், ஈரம் ஊறி இருந்தது, சன்ஷேடு மேல விரிசல். பெயிண்டர் அது மேலயே அடிச்சிட்டுப் போயிட்டான், நாப்பது நாள்ல கொப்பளம் கொப்பளமா உப்பிடுச்சு. கடைசில வாங்கின குடும்பம் பாக்க வந்தப்ப அந்தம்மா விரல் மடக்கி சுவத்தைத் தட்டிட்டு என் மூஞ்சியப் பாத்தாங்க பாருங்க, அடிக்காமலே விட்டிருந்தா பழைய வீடு அப்படித்தான்னு போயிருப்பாங்க, அடிச்சதால எதையோ மறைக்கிறோம்னு ஆயிடுச்சு. அப்புறம் மாடில தட்டோடு எத்தனை வெடிச்சிருக்கு, செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு எல்லாத்தையும் தோண்டித் தோண்டிக் கேட்டாங்க. விரிசலை அடைச்சு, குழாய் ஒழுகல் நிறுத்தி, மோட்டார் ஓடுதான்னு பாத்து, கிணறு தூர் வாரி விட்டிருந்தா நாப்பதாயிரத்துல முடிஞ்சிருக்கும். கிணறு மட்டும் செஞ்சோம், அதுதான் வீட்டை வித்துது. அந்தம்மா வாளில இறைச்சு ஒரு கை குடிச்சுப் பாத்துட்டு "உப்பு இல்லைங்க"ன்னு வீட்டுக்காரர் கிட்ட சொன்னாங்க, அங்கயே பாதி முடிவாயிடுச்சு.

இன்னொரு கடுப்பு, விக்கறதுக்கு முன்னாடி அடிக்கிற பெயிண்ட் பராமரிப்புச் செலவு, அதைக் கேபிடல் கெயின்ஸ், அதாவது சொத்து வித்த லாபத்துக்குப் போடற வரிக் கணக்குல கழிக்க முடியாதுன்னு ஆடிட்டர் அப்புறமாத்தான் சொன்னார். வரியைப் பத்தி நீளமா எழுதல, ஆனா 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கின சொத்துன்னா 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பையே அடக்க விலையா எடுத்துக்கலாம், அதுக்கு மதிப்பீட்டாளர் ரிப்போர்ட் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. ஆடிட்டரை விலை பேசறதுக்கு முன்னாடி பாருங்க, பத்திரம் முடிஞ்சப்புறம் இல்ல.

பேப்பர் கதையையும் சொல்லிடறேன், ஆறு மாசம் அதுதான் தின்னுது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கைல இருந்தது, நாங்க ரெடின்னு நெனச்சோம். வில்லங்கச் சான்றிதழ், அதாவது சொத்து மேல பதிவான அடமானம், விற்பனையெல்லாம் காட்டற பேப்பர், அதைப் போட்டுப் பாத்தா 1984 அடமானம் அப்படியே நிக்குது. அப்பா கடனை 1998-லயே கட்டி முடிச்சு பத்திரத்தையும் திருப்பி வாங்கிட்டார், ஆனா அடமானம் தீந்துடுச்சுன்னு ரசீதைப் பதிவு பண்ணல. கடன் குடுத்த சொசைட்டில அந்தக் காலத்து ஆள் ஒருத்தரும் இல்ல, பழைய லெட்ஜரைத் தேடி எடுக்க வைக்க பத்து பன்னெண்டு தடவை நடந்தேன். பட்டாவும் மனை போட்டு வித்தவர் பேர்லயே இருந்தது, அதை மாத்த நாலு மாசம். ஆகவே வில்லங்கத்தை இன்னிக்கே ஆன்லைன்ல 1975-லேருந்து போட்டுப் பாருங்க, தயார் பண்றதுன்னா முதல் வேலை அதான், பரண் ஒழிக்கிறதெல்லாம் அப்புறம்.

பரண் ஒழிச்சதைப் பத்தி ரெண்டே வரி. பித்தளை அண்டாவுக்கு எங்க வீட்டுல சண்டை வந்தது, ஆட்டுக்கல்லுக்கு யாருமே வரல.

இப்ப தோட்டம். இதுக்குத்தான் நிஜமா எழுத வந்தேன்.

எந்த மாசத்துல காட்டறீங்கன்றது முக்கியம். ஆடி, மார்கழில பத்திரம் போட நம்ம ஊர்ல பாதிப் பேர் யோசிப்பாங்க, அதனால தைலதான் ஆள் நடமாட்டம். மழை முடிஞ்சு கிணத்துல கைக்கெட்ற தூரத்துல தண்ணி, செடியெல்லாம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், மாமரம் பூவா நிக்கும். எங்க மரம் மட்டும் நிக்கல. பங்கனப்பள்ளி ஒரு வருஷம் கொட்டினா அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும், எங்களுக்கு அது ஓய்வு வருஷம். வந்தவங்க எல்லாம் காய்க்காத மரமான்னு கேட்டாங்க. போன வருஷம் ஹால்ல வைக்கோல் போட்டு மாங்காய் பழுக்க வச்சிருந்த போட்டோ தங்கச்சி போன்ல இருந்தது, அதைக் காட்டினப்புறம்தான் நம்பினாங்க. உங்க தோட்டம் நல்லா இருக்கிறப்பவே, இன்னிக்கே, போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

சுத்தம் பண்றேன்னு மொட்டை அடிச்சிடாதீங்க. கூலிக்கு வந்தவர் ஒரே நாள்ல பவழமல்லிய இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளிட்டார், அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. காஞ்ச மட்டை, காஞ்ச கிளை, தென்னம் பாளை, சருகு, சுவத்துல முளைச்ச அரசங்கன்னு, இதை எடுத்தாப் போதும். வாஸ்து பாக்கிறவங்க முருங்கை ஏன் முன்னாடி வச்சீங்க, எலுமிச்சை ஏன் பின்னாடின்னு ஆயிரம் சொல்வாங்க, ஒருத்தர் சொன்னார்னு மரத்தை வெட்டாதீங்க, அடுத்து வர்றவர் வேற சொல்வார்.

அதைவிட முக்கியமா, ஆள் வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்குங்க. விலை பேசினப்புறம் செடியப் புடுங்கினா அது அசிங்கம். கொய்யா, எலுமிச்சைல மழைக்காலத்துல பதியம் போடலாம், பென்சில் மொத்தத்துல ஒரு கிளை பாத்து ஒரு இஞ்ச் அளவுக்குச் சுத்திப் பட்டைய உரிச்சு, ஈரமான தேங்காய் நார்க்கழிவு வச்சு பிளாஸ்டிக் கவர் சுத்தி இறுக்கிக் கட்டிட்டா ஒன்றரை ரெண்டு மாசத்துல வெள்ளை வேர் கவருக்குள்ள தெரியும், அப்ப கீழ அறுத்து நட்டுடலாம். கறிவேப்பிலை பக்கத்துல வர்ற கன்னை வேரோட, மண்ணோட எடுக்கணும், அவசரப்பட்டு இழுத்தா போச்சு. மாமரம்தான் கஷ்டம். கொட்டை போட்டா அதே பழம் வராது, ஒட்டுதான். நர்சரிக்காரர் ஒருத்தர் ஆவணில வந்து எங்க மரத்துலேருந்து குச்சி வெட்டிட்டுப் போய் நாலு கன்னுல ஒட்டினார், ரெண்டு பிடிச்சுது, ரெண்டும் தங்கச்சி மனைல.

கடைசியா விலை. பில்டர் ஒருத்தர் எட்டு லட்சம் கூடவே குடுக்கத் தயாரா இருந்தார். அம்மா ஒத்துக்கல, குடி வர்றவங்களுக்குத்தான், மரம் நிக்கணும்னு. அந்தக் குடும்பமும் மாமரத்தைத் தொட மாட்டோம்மான்னு சொல்லித்தான் அட்வான்ஸ் குடுத்தாங்க, வைகாசில பத்திரம் முடிஞ்சுது. நான் மோட்டார் ஸ்விட்ச் எது, எந்த வால்வ் எந்த டேங்குக்கு, மாமரத்துக்கு எப்ப எரு வைக்கணும்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன். 2024-ல எதிர் வீட்டு மாமா வாட்ஸப்ல போட்டோ அனுப்பினார், ஜேசிபி நிக்குது. அவங்களும் ஒரு பில்டரோட ஜாயிண்ட் வென்ச்சர், மனை அவங்களது கட்டடம் பில்டரதுன்னு பங்கு ஒப்பந்தம், போட்டுட்டாங்க. அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னப்ப அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. ஆனா பத்திரத்துல கையெழுத்துப் போட்டப்புறம் அது அவங்க மண்ணு, நம்ம கிட்ட கேக்கணும்னு ஒண்ணும் இல்ல. எட்டு லட்சத்தைப் பத்தி தங்கச்சி இன்னும் வாயத் திறந்து பேசல, பேசாம இருக்கறதுலயே தெரியுது. என்னைக் கேட்டா மரத்துக்காக விலை குறைக்காதீங்க, கன்னு எடுத்துட்டு நல்ல விலைக்கு வித்துடுங்க. அம்மா கிட்ட ஜேசிபி விஷயத்தை இன்னும் சொல்லல.

பெயிண்ட் அடிச்சதுல ஏழு காலி பக்கெட் மிஞ்சினது, 20 லிட்டர் பக்கெட். அடில ஓட்டை போட்டு மண் நிரப்பி வேளச்சேரிக்கு எடுத்துட்டு வந்தேன். இப்ப பால்கனில அந்த பக்கெட்லதான் கொய்யா இருக்கு, எலுமிச்சை இருக்கு, பவழமல்லி விதை போட்டு வந்தது ஒண்ணு இருக்கு. கறிவேப்பிலைய மட்டும் யாரையும் பறிக்க விட மாட்டாங்க அம்மா, குழம்பு கொதிக்கறப்ப அவங்களே எழுந்து வந்து ரெண்டு ஈர்க்கு ஒடிச்சுட்டுப் போவாங்க.