கம்பஸ் பிசிக்ஸ்: நீங்கள் கேட்டவை, அக்காவின்ர பதில்

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க பிசிக்ஸ் படிக்கிற பிள்ளையளின்ரதும் அவையின்ர அப்பா அம்மாவின்ரதும்தான். அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு வைச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன்.

*கேள்வி: அக்கா, ஏ.எல்லில பிசிக்ஸுக்கு ஏ எடுத்தனான். இப்ப யாழ்ப்பாணக் கம்பஸில சயன்ஸ் முதலாம் வருசம். லெக்சர் முழுக்க இங்கிலிஷ், போர்ட்டில எழுதுற சமன்பாடு எங்கயிருந்து வருதெண்டே பிடிபடுதில்லை. ரியூசனில நான்தான் முதல்ல விடை சொல்லுறனான், இப்ப வாயே திறக்கிறேல்லை. எனக்கு உண்மையிலயே பிசிக்ஸ் வராதோ?*
முதலாம் வருச மாணவி, கோண்டாவில்

தங்கச்சி, உங்களுக்குப் பிசிக்ஸ் வராதெண்டதுக்கு இந்தக் கடிதத்தில ஒரு அடையாளமும் இல்லை. ஏ.எல்லில 2 மணித்தியாலத்தில 50 எம்.சி.கியூ, ஒரு கேள்விக்கு ரெண்டரை நிமிசம் கூட இல்லை, அதால கேள்வியைப் பாத்த உடன எந்த ஃபோர்முலா எண்டு கண்டுபிடிக்கிற வேகத்துக்குத்தான் அங்க மார்க்ஸ், அந்த வேகத்தைத்தான் ரியூசனிலயும் பழக்கினவை. அதோட அந்தப் பேப்பரை பயோ பிள்ளையளும் எழுதுறதால வகையீடு தொகையீடு இல்லாமலே செய்யக்கூடிய மாதிரித்தான் கேப்பினம். கம்பஸில அந்த வேகத்துக்கு ஒரு வேலையும் இல்லை, வகையீடு தொகையீடு இல்லாம ஒரு பக்கமும் நகராது. நீங்கள் வேற ஒரு வேலைக்கு வந்திருக்கிறியள், அந்த வேலையை இனித்தான் பழகோணும், அவ்வளவுதான்.

எளிய ஊசலை எடுங்கோ. ஏ.எல்லில நீளத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால பிரிச்சு, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டு பையால பெருக்கினா அலைவு காலம், முடிஞ்சுது. கோணம் சின்னனா இருக்கோணும் எண்டு ஒரு நிபந்தனையும் சொல்லித் தந்திருப்பினம், அதை ஆரும் பெரிசா எடுக்கிறேல்லை. முதலாம் வருசத்தில அதே ஊசலுக்கு நியூட்டனின்ர விதியை எழுதினா ஒரு வகையீட்டுச் சமன்பாடு வரும், அதுக்குள்ள கோணத்தின்ர சைன் இருக்கும், அந்தச் சைனைத் தூக்கிப்போட்டு வெறும் கோணத்தை வைச்சாத்தான் உங்களுக்குத் தெரிஞ்ச ஃபோர்முலா வரும். அப்ப தூக்கிப்போடாட்டி என்ன நடக்கும்? 30 பாகையில விட்டா அலைவு காலம் 1.7 வீதம் கூடும், 90 பாகையில விட்டா 18 வீதம் கூடும். நிபந்தனைக்குள்ள இருந்த விசயம் இதுதான், இது ஒருக்கா கையால செய்து பாத்தவைக்குத்தான் தெரியும்.

பேந்து மேல் வருசங்களில அதே ஊசல் திரும்ப வரும், இப்ப விசையே எழுதாம, இயக்க சக்தியில இருந்து அழுத்த சக்தியைக் கழிச்சு லக்ராஞ்சியன் எண்டு ஒண்டை எழுதி அதே சமன்பாட்டுக்கு வருவியள். அந்த ஊசலின்ர நுனியில இன்னொரு ஊசலைக் கட்டிப் பெரிய கோணத்தில விட்டா, தொடக்கத்தில வைச்ச இடம் மயிரிழை மாறினாலும் கொஞ்ச நேரத்தில ஆட்டம் முழுக்க வேற மாதிரிப் போயிடும். குவாண்டம் பாடத்தில, சின்னக் கோணத்தில ஆடுற ஊசலின்ர அதே எளிமை இசை இயக்கம் படிகளாப் பிரிஞ்ச சக்தியோட வரும், ஆகக் கீழ்ப் படியிலயும் சக்தி பூச்சியம் இல்லை. மாஸ்ரேர்ஸ், பி.எச்.டி மட்டத்தில ஒளியையே கணக்கில்லாத அலையிகளின்ர (ஊசல் மாதிரி அலையிறதுகளின்ர) கூட்டமா எழுதுவினம். பிசிக்ஸ் படிப்பு மேல போகப் போகப் புதுசு புதுசா வாறதில்லை தங்கச்சி, பழைய நாலு விசயம்தான் ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமா வருது. அதால இப்ப முதல் முறை வரேக்க அதைக் கையால செய்து பிடிச்சு வைக்கிறதுதான் எல்லாத்திலயும் பெரிய வேலை.

எப்பிடிச் செய்யிறது? லெக்சர் நடந்த அண்டைக்குப் பின்னேரமே நோட்ஸை ஒருக்கா வாசிச்சிட்டு மூடி வையுங்கோ. வெறும் பேப்பரில முதல் வரியில இருந்து நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ. எங்கயோ ஒரு வரியில நிண்டிடுவியள், அந்த இடத்தைச் சுத்தி வட்டம் போடுங்கோ, அதைத்தான் அடுத்த நாள் லெக்சரரிட்டயோ டெமோன்ஸ்ரேற்றரிட்டயோ கேக்கோணும். "ஒண்டும் விளங்கேல்லை சேர்" எண்டு கேட்டா ஆராலயும் உதவி செய்யேலாது, "இந்த வரியில இருந்து அந்த வரி எப்பிடி வந்தது" எண்டு கேட்டா அஞ்சு நிமிசத்தில வேலை முடிஞ்சிடும். முடிஞ்ச கணக்கை வாசிச்சு விளங்கிக்கொள்ளுறதும் செய்து விளங்கிக்கொள்ளுறதும் ஒண்டில்லை, நீந்திறதைக் கரையில நிண்டு பாத்த மாதிரித்தான் முதலாவது.

இங்கிலிஷைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. உந்தம், ஆர்முடுகல், திணிவு, பரிவு எல்லாம் உங்களுக்குத் தமிழில வடிவாத் தெரியும், அதுக்குப் பக்கத்தில இங்கிலிஷ் சொல்லை எழுதி ஒரு கொப்பி வைச்சிருங்கோ, பிசிக்ஸ் லெக்சரில திரும்பத் திரும்ப வாற சொல்லுகள் கொஞ்சம்தான், ஒரு செமஸ்ரருக்குள்ள பழகிடும். சிநேகிதியளோட கணக்கைத் தமிழில கதையுங்கோ, எழுதேக்க இங்கிலிஷில எழுதுங்கோ. தமிழில கதைச்சு விளங்கிக்கொள்ளுறது தரம் குறைஞ்ச படிப்பெண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், அவையளின்ர கதையை நான் ஒரு நாளும் ஏற்கமாட்டன். மற்றது, மற்ஸ் பாடங்களில வகையீட்டுச் சமன்பாடு, காவி நுண்கணிதம், தாயம் இந்த மூண்டையும் விடாமப் பிடியுங்கோ, மேல் வருசத்தில கனபேர் பிசிக்ஸ் விளங்கேல்லை எண்டு சொல்லுறது உண்மையில இந்த மூண்டும் கைக்கு வராததாலதான்.

*கேள்வி: லாப் ரிப்போர்ட்டை சீனியர்மாரின்ர பழைய கொப்பியைப் பாத்து எழுதினா என்ன பிழை? எல்லாரும் அப்பிடித்தானே.*
பெயர் வேண்டாம்

நீங்கள் மீற்றர் பாலத்தில (ஒரு மீற்றர் கம்பியை வைச்சுத் தடை அளக்கிற கருவியில) எடுத்த வாசிப்பு கொப்பியில இருக்கிற வாசிப்போட ஒத்துவராட்டி அதுதான் அண்டைக்கு லாப்பில கிடைச்ச பெறுமதியான ஒரே விசயம். ஏன் ஒத்துவரேல்லை? முனையில தொடுகைத் தடை கிடக்கோ, கம்பி எல்லா இடமும் ஒரே தடிப்பு இல்லையோ, நீங்கள் சமநிலைப் புள்ளியைப் பாத்த விதம் பிழையோ. அதைத் தேடுறதுதான் பரிசோதனைப் பிசிக்ஸ், மற்றதெல்லாம் எழுத்து வேலை. எங்கட கம்பஸில பிசிக்ஸ் பகுதி சூரிய மின்கல ஆராய்ச்சி செய்யுது, பிற்காலத்தில அந்த மாதிரி லாப் ஒண்டுக்குள்ள போனா உங்களுக்கு முன்னம் அந்த அளவீட்டை எடுத்து வைச்ச சீனியர் ஒருத்தரும் இருக்கமாட்டினம். வழுவை, அதாவது அளவீட்டில வரக்கூடிய பிழையைக் கணிக்கிறதை முதலாம் வருசத்திலயே ஒழுங்காப் பழகுங்கோ.

*கேள்வி: தங்கச்சி, என்ர மகனுக்கு பிசிக்கல் சயன்ஸ் கிடைச்சிருக்கு, இஞ்சினியரிங்குக்கு இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏ.எல் புள்ளி) கொஞ்சம் காணாது. அவன் போறன் எண்டு நிக்கிறான், சொந்தக்காரர் எல்லாரும் இன்னொருக்கா எக்ஸாம் எடுக்கச் சொல்லுகினம். பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை?*
ஒரு தகப்பன், சாவகச்சேரி

ஐயா, சொந்தக்காரரை விட்டிட்டு முதல்ல மகனிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: இஞ்சினியரிங் கிடைச்சிருந்தா போயிருப்பியோ, இல்லாட்டி அப்பவும் பிசிக்ஸ்தானோ? இஞ்சினியரிங்தான் ஆசை, ஸ்கோரும் உண்மையிலயே கிட்ட நிக்குது எண்டா இன்னொருக்கா எடுக்கிறதில பிழையில்லை. பிசிக்ஸ்தான் ஆசை எண்டா ஒரு வருசத்தை ஏன் வீணாக்கிறியள்.

வேலையைப் பற்றி ஒளிக்காமச் சொல்லுறன். பிசிக்ஸ் பட்டத்தோட "பௌதிகவியலாளர்" எண்டு போர்ட் போட்டு இருக்கிற வேலை இலங்கையில மிச்சம் குறைவு. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறது, வளிமண்டலவியல் திணைக்களம், ஆஸ்பத்திரியளில கதிர்வீச்சுச் சிகிச்சைப் பக்கம் மெடிக்கல் பிசிக்ஸ் (அதுக்கு மேற்படிப்பு வேணும்), சோலர் கொம்பனியள், கம்பஸ் வேலை. இதுகளுக்கு வெளியில கனபேர் போறது ஐ.ரி, டேட்டா, பாங்க் பக்கம், ஏனெண்டா கணக்கும் புரோகிராமிங்கும் ரெண்டும் கையில இருக்கு. அதால மகன் பிசிக்ஸோட கம்பியூட்டர் சயன்ஸ் அல்லது ஸ்ரற்றிஸ்டிக்ஸ் சேர்த்து எடுக்க ஏலுமெண்டா எடுக்கச் சொல்லுங்கோ. அவன் போறன் எண்டு நிக்கிறது சின்ன விசயம் இல்லை ஐயா, விருப்பத்தோட போற பிள்ளை முதல் ரெண்டு வருசக் கஷ்டத்தைத் தாங்கும்.

*கேள்வி: ஜெனரலோ ஸ்பெஷலோ? மூண்டு வருசத்தில முடிச்சிட்டு உழைக்கப் போகவேண்டிய வீட்டு நிலைமை.*
ரெண்டாம் வருசம், கிளிநொச்சி

வீட்டு நிலைமை அப்பிடியெண்டா மூண்டு வருசப் பட்டம் மரியாதையான பட்டம், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. ஆனா பி.எச்.டி எண்ட எண்ணம் மனசின்ர மூலையில எண்டாலும் இருந்தா நாலு வருச ஸ்பெஷலுக்கு முயற்சி செய்யுங்கோ, கடைசி வருச ஆராய்ச்சி புரொஜெக்ட் அதிலதான் இருக்கு, வெளிநாட்டில கனக்க இடத்தில நாலு வருசப் பட்டத்தைத்தான் எதிர்பாக்கினம். மூண்டு வருசத்தோட நிண்டாலும் பேந்து பேராதனையில இருக்கிற விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் மாதிரி இடங்களில வேலை செய்துகொண்டே மாஸ்ரேர்ஸ் செய்யலாம், கதவு பூட்டுப்படாது.

*கேள்வி: கடைசி வருசம் முடியப்போகுது. தியரி பக்கம் மேற்படிப்பு செய்ய விருப்பம். காசு இல்லை. வெளியில போறது எங்களை மாதிரி ஆக்களுக்கு நடக்கிற காரியமோ அக்கா?*
மானிப்பாய்

நடக்கும் தம்பி. அமெரிக்காவில பிசிக்ஸ் பி.எச்.டிக்கு மாஸ்ரேர்ஸ் இல்லாமலே, நாலு வருசப் பட்டத்தோட நேர போகலாம், அங்க முதல் வருசப் பிள்ளையளுக்கு லாப் எடுத்துக் குடுக்கிறதுக்குச் சம்பளம், படிப்புக் கட்டணமும் தள்ளுபடி. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில முடியும், பதில் ஏப்ரல் 15க்குள்ள சொல்லவேணும். பிசிக்ஸ் ஜி.ஆர்.ஈ எண்ட மேற்படிப்புக்கான பரீட்சையை முந்தி கனக்க இடத்தில கேட்டவை, இப்ப கனக்க இடத்தில கட்டாயம் இல்லை, ஒவ்வொரு கம்பஸின்ர பக்கத்திலயும் பாருங்கோ. விண்ணப்பக் காசு கட்டேலாட்டி விலக்குக் கேட்டு எழுதலாம், கேக்க வெக்கப்படாதேங்கோ. ஜேர்மனியில அரச கம்பஸுகளில பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனா ஒரு வருசச் செலவுக்குப் பாங்கில காசு காட்டோணும், அதுதான் எங்கட ஆக்களுக்குக் கஷ்டம்.

உங்களுக்கு நான் முதல்ல சொல்லுறது இத்தாலியில ட்ரியெஸ்ட் நகரத்தில இருக்கிற ஐ.சி.ரி.பி எண்ட சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம். பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964இல தொடங்கினது, எங்கட மாதிரி நாடுகளில இருந்து வாற பிள்ளையளுக்கெண்டே. அங்க ஒரு வருச டிப்ளோமா இருக்கு, முழுக்க உதவித்தொகையோட, பி.எச்.டிக்குப் போறதுக்கு முன்னம் அத்திவாரத்தைப் பலமாக்கிற படிப்பு.

போன பிறகு என்ன இருக்கெண்டும் தெரிஞ்சு போங்கோ. முதல் வருசம், ரெண்டாம் வருசம் திரும்பவும் அதே நாலு பாடம்: இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளிவிபர இயக்கவியல். ஆனா ஒரு கணக்கு பக்கக் கணக்கில போகும், ஒரு கிழமைக் கணக்குக்கே சில நேரம் முழுக் கிழமையும் காணாது, அதுக்குப் பிறகு பி.எச்.டியைத் தொடரத் தேறவேண்டிய குவாலிஃபையிங் எக்ஸாம். மின்காந்தவியலில ஒரு இடம் வரும், ஆர்முடுகுற இலத்திரன் கதிர்வீசும், சக்தியை இழக்கும், அப்ப அந்தக் கதிர்வீச்சு இலத்திரனையே திருப்பித் தாக்கோணும். அதுக்கு குவாண்டம் பிசிக்ஸைக் கட்டினவையில ஒருத்தரான இங்கிலாந்து விஞ்ஞானி டிராக் 1938இல ஒரு சமன்பாடு எழுதினவர். அந்தச் சமன்பாட்டை எடுத்து, புரோத்தனை நோக்கி நேரா விழுற இலத்திரன் என்ன செய்யும் எண்டு 1940களில கணக்குப் பாத்தவர் எங்கட இலங்கைத் தமிழர் சி.ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில டிராக்கிட்டயே படிச்சவர். விடை என்னெண்டா, கவர்ச்சி விசை இருந்தும் இலத்திரன் புரோத்தனைப் போய் அடிக்கவே மாட்டுது, திரும்பி ஓடிடும்! சமன்பாட்டுக்குள்ளயே ஏதோ சிக்கல் இருக்கெண்டு காட்டின வேலை அது. பிறகு அவர் கொழும்பிலயும் மலாயாவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் பேராசிரியரா இருந்தவர். எங்களை மாதிரி ஆக்கள் எண்டு எழுதியிருக்கிறியளே தம்பி, அதுக்காகத்தான் இதைச் சொல்லுறன்.

இப்ப உடன செய்யவேண்டியது, சிபாரிசுக் கடிதம் தரக்கூடிய மூண்டு பேரிட்டப் போய் வடிவாக் கதைக்கிறது. கடைசிக் கிழமையில போய் நிண்டா அவையும் பாவம், நாலு வரிக்கு மேல எழுதேலாது. உங்கட புரொஜெக்ட்டில என்ன செய்தனீங்கள், எது சரிவரேல்லை, எது மிச்சம் எண்டு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கோ.

*கேள்வி: நான் இப்பதான் ஏ.எல் எழுதி முடிச்சனான் அக்கா. கருந்துளை, ஸ்ரிங் தியரி வீடியோ எல்லாம் விடாமப் பாப்பன். கம்பஸ் தொடங்கக் கன மாசம் கிடக்கு, அதுக்குள்ள என்ன படிக்கலாம்?*
பருத்தித்துறை

வீடியோ பாக்கிறதை நிப்பாட்டத் தேவையில்லை, ஆனா ஒரு மணித்தியாலம் பாத்தா ரெண்டு மணித்தியாலம் பேனை பிடியுங்கோ. இணைந்த கணிதத்தில படிச்ச நுண்கணிதத்தை மறக்க விடாதேங்கோ. சென்னை ஐ.ஐ.ரியில பேராசிரியரா இருந்த வி. பாலகிருஷ்ணனின்ர லெக்சர்கள் என்.பி.டெல் எண்ட இந்திய இணைய லெக்சர்த் தளத்தில சும்மா கிடைக்குது, இப்பவே முழுக்க விளங்காது, எண்டாலும் முதல் கொஞ்சத்தைக் கேட்டுப் பாருங்கோ, ஒரு மனுசன் பிசிக்ஸை எப்பிடி யோசிக்கிறார் எண்டு தெரியும்.

அதோட பைதன் எண்ட புரோகிராமிங் மொழியைப் பழகுங்கோ. முதல் வேலையா பூமியைச் சூரியனைச் சுத்த விடுங்கோ: சின்னச் சின்ன நேரத் துண்டா, பழைய வேகத்தை வைச்சு இடத்தை மாத்துறது, பழைய இடத்தில இருந்த ஈர்ப்பை வைச்சு வேகத்தை மாத்துறது. ஓடவிட்டுப் பாத்தா பூமி வட்டத்தில நிக்காம மெல்ல மெல்ல வெளியில சுருண்டு போகும். பிறகு வரிசையைத் திருப்புங்கோ, வேகத்தை முதல்ல மாத்தி, அந்தப் புது வேகத்தால இடத்தை மாத்துங்கோ. இப்ப பூமி வெளியில போகாமச் சுத்திக்கொண்டு நிக்கும். ரெண்டு வரியை இடம் மாத்தினதால ஏன் இப்பிடி நடந்தது எண்டு, ஒவ்வொரு அடியிலயும் மொத்தச் சக்தியைக் கணிச்சுக் கோடு கீறிப் பாத்து, கண்டுபிடிச்சதை எழுதி அனுப்புங்கோ பிள்ளை, அடுத்த இதழில போடுறன்.